பத்துத் தடவை

மதியரசு ஆகாயத்திலிருந்து கல் மாதிரி விழுந்துகொண்டிருந்தான். அவன் முதுகுப் பையில் இரண்டு பாராசூட்டுகள் இருந்தன. கீழே பெரியது, மேலே ஆபத்துக்கென்று சின்னது.

"என் கைப்பிடி பையோட அடியில இருக்கு. இவன் என்னடான்னா இடுப்பைத் தடவுறான்" என்றது பெரியது.

"நாலு மாசத்துக்கு ஒருக்கா குதிச்சா கைக்கு எப்படிண்ணே ஞாபகம் இருக்கும்?" என்றது சின்னது. அதற்கு அலுத்துப்போயிருந்தது. ஒரு தடவைகூடத் திறக்காமலே கிழமாகிவிடலாம் என்றுதான் அது நினைத்திருந்தது.

"சரி, உன்னையாவது இழுக்கச் சொல்லு."

"எனக்கு வாய் இருக்கு. அவனுக்குத்தான் காது இல்ல."

கை இன்னும் இடுப்பிலேயே தேடியது. கீழே தென்னைமரங்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. கடைசியில், தரை நெருங்கினால் தானாக வேலைசெய்யவென்று பைக்குள் வைத்திருந்த குட்டிக் கருவி பொறுக்கமாட்டாமல் சின்னதைத் தானே திறந்துவிட்டது. மதியரசு ஒரு கடலைக்காட்டில் பொத்தென்று உட்கார்ந்தான். உயிர் இருந்தது.

"எனக்கு மடிப்புகூடக் கலையல" என்றது பெரியது. சின்னது மண்ணில் அப்படியே படுத்துக்கொண்டது.

விமானம் ஏறுமுன் பயிற்சியாளர் அவனிடம் ஒன்றுதான் சொல்லியிருந்தார். "ரொம்ப நாளாச்சு. தரையிலயே நின்னு, கண்ணை மூடிக்கிட்டு, கைப்பிடியைப் பத்துத் தடவை தொட்டுப் பாருங்க."

நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவன் ஒரு தடவைகூடத் தொடவில்லை.