கிறிஸ்புலோ கொட்டிய இலை

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமரத்தடியில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நர்ஸ் சுனில்டா கேட்டாள்.

அம்மா விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர், தையல்காரி எமெரென்சியா, அவள் புருஷன், கோயில்மணி அடிக்கிற கிழவர். அப்புறம் இந்த வீட்டு ஆட்கள் மூன்று பேர்.

"எட்டுப் பேருக்கும் ஒரே குழல்தானே?"

"பின்னே? ஆளுக்கு ஒண்ணு வெச்சு உறிஞ்ச இது என்ன ஆஸ்பத்திரியா?"

மாட்டுக் கொம்புக் குவளை ஒன்று. அதில் யெர்பா இலை, ஐஸ் தண்ணீர், ஓர் உலோகக் குழல். ஒருவர் ஊற்றிக் கொடுக்க, அது வாய் வாயாகச் சுற்றி வரும். ஊரில் நோய் இருக்கிறது, தெரெரே என்கிற இந்தப் பானத்தைச் சேர்ந்து குடிக்காதீர்கள் என்று ரேடியோ மாதக்கணக்காகக் கத்தியது. அதைக் கேட்டுக்கொண்டேதான் குடித்தார்கள்.

அப்பா அந்த நோயில் இறந்து மூன்று நாள். அம்மாவுக்கும் மகள் நிமியாவுக்கும் லேசாக வந்து போய்விட்டது. வட்டத்தில் இருந்த மற்ற ஐந்து பேருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. சுனில்டாவுக்கு அதுதான் பிடிபடவில்லை.

"சரி, முதல்ல இது எங்கேருந்து வந்துச்சு?"

கதவோரம் நின்ற நிமியா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

அவள் அக்கரையில், அர்ஜென்டினாவில், வீட்டுவேலை பார்த்தவள். நோய் பரவியதும் எஜமானி வெளியே அனுப்பிவிட்டாள். பாலத்தை மூடியிருந்தார்கள். முறைப்படி வந்தால் பதினாலு நாள் தனிமை முகாமில் கிடக்க வேண்டும். அவள் விடியற்காலையில் திருட்டுத் தோணியேறிப் பரானா ஆற்றைக் கடந்து வந்தாள். பிடிபட்டால் சிறை. முகாமில் இருந்துவிட்டு வந்ததாக ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

"அவர்தான் கொண்டு வந்தார்" என்றாள் அம்மா. "டவுன் மாட்டுச் சந்தைக்குப் போனார். போகாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்."

முழங்கால் வலியால் அப்பா ஒரு மாதமாகப் வாசல் படலையைத் தாண்டவில்லை.

சந்தைக்குப் போன நாலு பேருக்கு ஏற்கெனவே வந்திருந்தது. சுனில்டா தலையாட்டிக்கொண்டு, நோய் வந்த வழியைக் குறிக்கிற நோட்டில் முதல் வரியில் அப்பாவின் பெயரை, கிறிஸ்புலோ என்று எழுதினாள். ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

நிமியா அம்மாவின் மேல் பாய்ந்தாள்.

"செத்த மனுஷன் மேல பழி போடுறியே, உனக்கு நாக்கு கூசலையா? நாளைக்கு ஊரே அவரைத் திட்டும். ஒன்பது நாள் ஜெபத்துக்கு ஒருத்தர் இந்த வாசலை மிதிப்பாங்களா?"

அம்மா நர்ஸ் உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டாள்.

நிமியாவுக்கு அப்பாமேலும் ஒரு கோபம் மிச்சம் இருந்தது. அந்த ஞாயிறு காலையே அவளுக்கு உடம்பு கணகணவென்றிருந்தது. ஆற்றுக்காற்று என்று நினைத்தாள். குவளை வேண்டாம் என்றால், அக்கரைக்குப் போனதும் நம் எச்சில் கசக்கிறதா என்று கேட்பார்கள். வெகுநாள் கழித்து வந்த மகள் என்று அப்பா முதல் குவளையை அவளுக்குத்தான் நீட்டினார். உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அப்பா மறுபடி ஊற்றித் தானே குடித்தார். பிறகு, ஆறு பேர் நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருக்க, இலையை மொத்தமாக மரத்தடியில் கொட்டிவிட்டார். இலை சப்பென்று ஆகிவிட்டது, இன்றைக்கு இது போதும் என்றார். இருபது சுற்று தாங்குகிற இலை.

"மக வாய் வெச்சதும் இலையே செத்துப்போச்சே!" என்று எமெரென்சியா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நாலு பேர் முன்னால் தன்னை அவமானப்படுத்திவிட்டார் என்று நிமியாவுக்குப் பொறுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்த நாள்வரை அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"உங்கப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னார்" என்றாள் அம்மா கடைசியில். "வண்டியில ஏத்தும்போது என் காதுல சொன்னார். குவளையைத் திருப்பித் தரும்போது உன் விரல் அவர் கையில பட்டுச்சாம். அடுப்புக்கல்லா சுட்டுச்சாம்."

நிமியா தன் விரல்களைப் பார்த்தாள்.

"அப்போ ஏம்மா அவரு குடிச்சாரு?"

"குடிக்காம கொட்டியிருந்தா எல்லாரும் உன் மூஞ்சியைத்தான் பார்த்திருப்பாங்க."

வெளியே சுனில்டாவின் மோட்டார் சைக்கிள் இரண்டு தடவை உறுமி அணைந்தது. மூன்றாவது உதைக்கு முன்னால் நிமியா செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

"அக்கா, அப்பா எந்தச் சந்தைக்கும் போகலை. நான்தான் தோணியில வந்தேன். என்னோட இன்னும் ஆறு பேர் வந்தாங்க. ஒருத்தி பச்சைப்புள்ளைக்காரி. நெருக்கியடிச்சு உட்கார்ந்து வந்தோம். அவங்க எந்த ஊருன்னு எனக்குத் தெரியும்."

"பாவி மகளே!" வாசலில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த மனுஷன் சாகப்போற நேரத்துல கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அதைச் செய்ய விட்டியா?"

சுனில்டா ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள். முதல் வரியில் இருந்த பெயரை அடித்து நிமியா என்று எழுதினாள். கிறிஸ்புலோவை அதற்குக் கீழே இரண்டாவதாக எழுதினாள்.

நிமியாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே அந்தப் பிள்ளைக்காரியின் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.