பாதிப் பாட்டு

"அடுத்த மாசம் நாடகம், அக்கா. கதாநாயகி கடைசியில என்ன பாடுவா?" என்றான் நைவு. அந்தனநாரிவு நகரத்து நாடகக் குழுவை நடத்துபவன்.

வுலுலோனா பியானோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பாட்டுத் தாள் என் வீட்டுக்காரர்கிட்டதான் இருக்கு, தம்பி. பாதிதான் எழுதியிருந்தார். முடிச்சு வைங்கன்னு பென்சிலும் கொடுத்துத்தான் அனுப்பினேன்."

"ஏழு வருஷமாச்சே?"

"எங்க கல்யாணத்துக்குப் போட்ட பாட்டையே மூத்தவ பொறந்தப்புறம்தான் முடிச்சார். ஞாயித்துக்கிழமை வெளிய வர்றார். நீயே கேட்டுக்க."

"திட்டுவாரே?"

"இப்பல்லாம் திட்டுறதில்ல."

ஞாயிற்றுக்கிழமை மேளமும் குழலும் முழங்கக் குடும்பக் கல்லறையைத் திறந்தார்கள். முன்னோரை வெளியே எடுத்துப் புதுப் பட்டு சுற்றும் நாள் அது. இசையமைப்பாளர் ரட்சிம்பாவை உறவினர்கள் தோளில் தூக்கி ஆடிவந்து, மனைவியின் மடியில் கிடத்தினார்கள். நன்றாக இளைத்திருந்தார்.

வுலுலோனா பழைய பட்டின் மடிப்புக்குள் கைவிட்டுத் தாளை எடுத்தாள். ஓரமெல்லாம் அரித்திருந்தது. பாதிக்குக் கீழே ஒரு சுரம்கூட இல்லை.

"இன்னும் முடிக்கலையா நீங்க?" என்றாள் கணவனிடம். குரல் இறங்கிவிட்டது.

நைவு தயங்கினான். "நான் வேணா முடிக்கட்டுமா, அக்கா?"

"வேணாம். எழுதியிருக்கிற வரைக்கும் கதாநாயகி பாடட்டும். பாதியில நின்னா நிக்கட்டும். நான் நிக்கலையா?"

அவன் பாட்டைப் பார்த்து எழுதிக்கொண்டான். புதுப் பட்டைச் சுற்றும்போது, அவள் தாளைப் பழைய இடத்திலேயே வைத்தாள். கூடவே ஒரு புதுப் பென்சில். வீட்டிலேயே சீவிக் கொண்டுவந்திருந்தாள்.