எட்டாத கிளை

முக்காலியோடு வந்த பல் டாக்டரையும் அவள் விரட்டிவிட்டாள்.

சுவரில் மற்ற கிளைகளெல்லாம் பூத்துக் குலுங்கின. ஆள் உயரத்துக்கு மேலே போன ஒரே ஒரு கிளை மட்டும் மொட்டையாக நின்றது.

எதிர்ப்பக்கத்து மரம் வசந்தத்தில் ஒரு வாரம் பூத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறதே என்று அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் மனக்குறை. அதனால் முற்றத்துச் சுவரில் கொட்டாத மரம் ஒன்று வரைவதாக முடிவாயிற்று.

பெயர்ப்பலகை எழுதுவது அவள் தொழில். அடிமரமும் கிளைகளும் அவள் கைவரிசை. பூ மட்டும் ஆளுக்கொன்று. ஐந்து விரல் நுனியையும் குவித்து ரோஸ் பெயின்டில் தொட்டுச் சுவரில் ஒற்றினால் ஐந்து இதழ் விழும். பல் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு ஒற்றினார்.

மேல் கிளை அண்ணனுக்காக விட்டது. மாடியில் குடியிருக்கும் தச்சர் அவர், கட்டடத்திலேயே நெட்டை. முக்காலி இல்லாமல் அவருக்கு மட்டும்தான் எட்டும்.

அவர்தான் இறங்கி வருகிற வழியைக் காணோம்.

அவர் செய்து கொடுத்த அலமாரிக் கதவு சரியாக மூடவில்லை என்று நாலு பேர் முன்னால் இவள் வாயை விட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. சின்ன வயதில் சுண்டு விரலை ஆட்டிக் கா விட்டால் சாயங்காலத்துக்குள் பழம் விட்டுவிடுவார்கள். தலை நரைத்த பிறகு விட்ட இந்தக் கா குளிர்காலம் முழுக்க நீண்டது. சண்டை போடக்கூட ஆளில்லாமல் அவளுக்கு வீடே வெறிச்சென்று இருந்தது.

சுவருக்கு வார்னிஷ் அடித்துவிட்டால் அப்புறம் பூ வைக்க முடியாது. ஈரம் காயவில்லை, பிரஷ் சரியில்லை என்று அவள் காலையிலிருந்து நேரம் கடத்தினாள். கடைசியில் சொல்லச் சாக்கு எதுவும் மிஞ்சவில்லை. வார்னிஷ் டப்பாவை எடுக்க வீட்டுக்குள் போனாள்.

திரும்பி வந்தபோது மேல் கிளையில் ஒரு பூ இருந்தது. பெயின்ட் இன்னும் ஈரமாக இருந்தது. மாடிப்படியில் ஒரு செருப்புச் சத்தம், அவசரமே இல்லாததுபோல் ஏறிக்கொண்டிருந்தது.

விட்டேனா பார் என்று பல் டாக்டர் மறுபடி முக்காலியோடு வந்து நின்றார்.

“இதுல ஒரு இதழ் குறையுதே. நான் வேணா ஒண்ணு வச்சிடட்டுமா?”

“அதுல கை வச்சீங்க, அப்புறம் நான் பொல்லாதவளாயிடுவேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

நான்கு இதழ். ஓரத்தில் ஓர் இடைவெளி.

அண்ணனின் சுண்டு விரலை ரம்பம் கொண்டுபோய் வருடக்கணக்காகிறது. கா விட அவரிடம் விரலே இல்லை என்பது அவளுக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை.