சடை பின்னும் பெண்

"நாப்பத்தஞ்சு வயசுல ஸ்கேன் சென்டர் வேலையை உதறிட்டு யாராச்சும் படம் வரையப் போவாங்களா? ஊரே சிரிக்கும்" என்றார் கணவர்.

"சிரிச்சுட்டுப் போகட்டும்ங்க. வேலையை விட்டு நின்னுக்கிறேன்னு சொல்லிட்டேன்."

அவர் சுவரோரம் இருந்த ஓவியங்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே பெண். ஒன்றில் தவழ்ந்தாள், இன்னொன்றில் சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

"யார் வீட்டுப் பொண்ணையோ வரையறதுக்கு, நம்ம சோத்துல மண்ணை அள்ளிப் போடறியே!"

"நம்ம பொண்ணுதாங்க. உயிரோட பொறந்திருந்தா இப்படித்தான் வளர்ந்திருப்பா. எனக்கு மயக்கம் தெளியறதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டீங்க. ஸ்கேன்ல பார்த்த முகம்தான் எனக்கு மிச்சம்."

அவர் சடை பின்னும் ஓவியத்தின் முன்னால் மெதுவாக உட்கார்ந்தார்.

"மூக்கு இவ்வளவு கூர்மையா இல்லம்மா. உன்னோடது மாதிரி சப்பை மூக்கு. நான்தானே கையில வாங்கினேன்."