மூலையில் இரண்டு புறாக்கள்

நெப்ராஸ்காவின் காற்று புல்லைப் படுக்கவைக்கிறது. குழியோரத்தில் லூதர் ப்ரூயிட்டின் சவப்பெட்டி. ஊரில் ஃப்ரீமேசன் என்னும் ரகசியச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். மளிகைக்கடை மாடியில் கதவைச் சாத்திக்கொண்டே கூடிப் பழகிய மற்ற ஆறு பேரும் இன்றுதான் முதன்முறையாகச் சங்கத்தின் வெள்ளை ஏப்ரனோடு வெயிலில் நிற்கிறார்கள். கழுத்துகளில் தகர டப்பாவில் வெட்டிய மூலைமட்டச் சின்னங்கள் மினுங்குகின்றன. கடைக்காரர் ஆரின் டட்டில், லூதரின் ஏப்ரனைப் பெட்டியின் மேல் விரித்து நீவிவிடுகிறார். அதன் மூலையில் நீல நூலில் இரண்டு புறாக்கள். லூதரின் மனைவி லவீனியா முகத்திரையைத் தூக்குகிறாள். அவளுடைய கல்யாணத்துக்கு அம்மா பூவேலை செய்து கொடுத்த மேஜை விரிப்பின் புறாக்கள் அவை.

“இது ஏது ஆரின்?”

“லூதர் கொண்டாந்ததுதாங்க. ஆட்டுத்தோல் வாங்க அப்ப எங்களுக்கு ஏது வசதி? எல்லாருக்கும் இந்த ஒரே துணியிலதான் வெட்டினோம். சங்கத்து சமாச்சாரம், வீட்டுல மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம். மனுஷன் கடைசிவரைக்கும் காப்பாத்திட்டாரு!”

லவீனியா ஒவ்வோர் இடுப்பாகப் பார்க்கிறாள். விரிப்பைத் திருடியதாக வேலைக்காரப் பெண் பெரிட்டை அவள் பனியில் துரத்தியபோது, லூதர் அடுப்பருகே உட்கார்ந்து புகைபிடிக்கும் சுங்கானைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நான் எடுக்கலம்மா” என்ற கதறல் அவர் காதிலும் விழுந்தது.

குழியில் போடச் சொல்லி ஆரின் தேவதாருக் கொத்து ஒன்றை நீட்டுகிறார். அவள் வாங்கவில்லை.

“பெரிட் எந்த ஊருக்குப் போனாள்னு யாருக்காச்சும் தெரியுமா?”

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

“எந்தப் பெரிட்டுங்க?” என்கிறார் ஆரின்.