பெட்டிக்குள்ளே ஒரு கை

"பிடிச்சிட்டேன்! கையும் களவுமாப் பிடிச்சிட்டேன்!"

பொருளாளரம்மா போட்ட சத்தத்தில், ஆராதனை முடிந்து வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சர்ச்சின் பொருளாளர் என்னவோ அவர் கணவர்தான். ஆனால் அதட்டல், மிரட்டலெல்லாம் அம்மாவின் இலாகா.

சண்டே ஸ்கூல் டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைப் போட்டுவிட்டுப் பின்னறைக்கு ஓடினாள்.

அங்கே, பிள்ளைகள் கலர் பேப்பர் ஒட்டி 'அன்பின் பெட்டி' என்று எழுதிய பெரிய அட்டைப்பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டபடி நின்றுகொண்டிருந்தாள் பட்டாணி. வீட்டில் வைத்த பெயர் நீளம், ஆள் குட்டை, அதனால் எல்லாருக்கும் பட்டாணி. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய் ஸ்கூல் யூனிஃபார்மில் வந்திருந்தாள். காலடியில் ஒரு புடைத்த துணிப்பை.

டீச்சர் அவளருகே போய் நின்றாள். வேற யாரா இருந்தாலும் பரவாயில்லை, போயும் போயும் இவளா?

"போன வாரம் நான் போட்ட பச்சை ஸ்வெட்டரைக் காணோம் டீச்சர். காலையில வந்து பெட்டியையே கவுத்துத் தேடிட்டேன்" என்றார் பொருளாளரம்மா.

"போட்டதை எதுக்குங்க தேடினீங்க?"

"மேலாப்புல இருக்கான்னு பார்க்கத்தான். நாலு பேர் கண்ணுல பட்டாத்தானே அவங்களுக்கும் கொடுக்கணும்னு தோணும்?"

அந்தப் பெட்டியை ஆரம்பித்து வைத்ததே டீச்சர்தான். "நம்ம சபையில ஒரு குடும்பம் ரொம்பக் கஷ்டத்துல இருக்கு. யாருன்னு கேட்கக் கூடாது. வலது கை கொடுக்கிறது இடது கைக்குத் தெரியக் கூடாது" என்று வகுப்பில் சொல்லியிருந்தாள். எந்தக் குடும்பம் என்பது போதகருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

"பையைக் கொட்டுடி" என்றார் பொருளாளரம்மா.

பட்டாணி கொட்டினாள். முதலில் விழுந்ததே பச்சை ஸ்வெட்டர்தான்.

"பாத்தீங்களா! நான் சொன்னேன்ல!"

"ஏம்மா எடுத்தே?" என்று குனிந்து கேட்டாள் டீச்சர்.

"எடுக்கலை டீச்சர். எடுத்தது போன வாரம். இப்ப திருப்பி வைக்கிறேன்."

"அவ வாயாலயே ஒத்துக்கிட்டா, கேட்டுக்கோங்க எல்லாரும்!"

பட்டாணி பொருளாளரம்மாவைக் கண்டுகொள்ளவே இல்லை.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, இல்லாதவங்களுக்குக் கொடுத்தா அது இயேசப்பாவுக்கே கொடுத்த மாதிரின்னு?"

"ஆமா, சொன்னேன்."

"இயேசப்பா போய் முழங்கை தெரியற ஸ்வெட்டரைப் போடுவாரா?"

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் ஸ்வெட்டரைப் பிரித்துப் பார்த்தாள். முழங்கையில் மஞ்சள் துணியில் ஒரு பூ.

"அம்மா தெச்சாங்க ஆன்ட்டி. ஓட்டை பெருசு. அதான் பூவும் பெருசு."

"அது வந்து... வேலைக்காரி மாத்திப் போட்டுட்டா போல. நல்லதைத்தான் எடுத்து வைக்கச் சொன்னேன்" என்றார் பொருளாளரம்மா. சுருதி நன்றாகவே இறங்கிவிட்டது.

பட்டாணி ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தாள்.

"இந்த லாரிக்குச் சக்கரமே இல்லை டீச்சர். அப்பாதான் பாட்டில் மூடியில செஞ்சு கொடுத்தாங்க. அப்பா இப்பல்லாம் எந்நேரமும் வீட்டுலதானே, ஜாலி! இந்தக் குடைக்குக் கம்பி ஒடிஞ்சிருந்துச்சு. யார் போட்டதுன்னு தெரியலை, பாவம், பார்க்காமப் போட்டுட்டாங்க போல."

டீச்சருக்கு அந்தக் குடையை நன்றாகத் தெரியும். போட்டதே அவள்தான். பார்த்துத்தான் போட்டாள். கூச்சத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது.

பையின் அடியில் கடைசியாக ஒன்று இருந்தது. இஸ்திரி போட்டு மடித்த நீலக் கவுன்.

"இது... உன்னோட ஞாயித்துக்கிழமை கவுனாச்சே?"

"ஆமா டீச்சர். பெட்டியில எல்லாமே பழசா இருந்துச்சு. ஒண்ணாவது நல்லதா இருக்க வேணாமா? ஆமா, அந்த வீட்டுல பொண்ணு இருக்கா?"

"ம்... இருக்கா."

"எவ்வளவு பெரிய பொண்ணு?"

"உன் வயசுதான்."

"அப்ப அளவு கரெக்டா இருக்கும்!"

கவுனை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, காலிப்பையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடிப்போனாள் பட்டாணி.

பொருளாளரம்மா கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"தங்கமான பொண்ணு. பார்த்தப்பவே நினைச்சேன்."

டீச்சர் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். வாயைத் திறந்தால் நல்லதாக வராது என்று அவளுக்கே தெரிந்தது.

"நாளைக்குப் பெட்டியைக் கொடுக்கப் போறப்ப நானும் வரேன் டீச்சர். பட்டாணியையும் கூட்டிட்டுப் போவோம். அவ கையாலயே கொடுக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்துடலாம். மத்த பிள்ளைங்களுக்கும் ஒரு பாடமா இருக்கும், என்ன?"

"பட்டாணியைக் கூட்டிட்டுப் போக முடியாதுங்க."

"ஏன்?"

"நாம போய்த் தட்டினா, கதவைத் திறக்கப்போறதே அவதான்."