நாயனம் நின்ற நேரம்

"நடுவுல நிப்பாட்ட முடியாது தங்கச்சி. நாயனம் பாதியில நின்னா அபசகுனம் லா!"

கார்த்திகேசு கறாராகச் சொன்னார். ஈப்போ வட்டாரத்தில் அவர் ஊதாத கல்யாணம் இல்லை. தாலி ஏறும்போது யாராவது தும்மினால்கூடக் காதில் விழாதபடி ஊதுகிற ஆள்.

"இது கல்யாணம் இல்லண்ணே, கச்சேரி. அங்கங்க வர்ற அந்த அமைதியிலதான் என் பாட்டுக்கு உயிரே இருக்கு," என்று கெஞ்சினாள் கவிநயா. வெளிநாட்டில் இசையமைப்பு படித்துவிட்டு வந்தவள். தனி நாயனத்துக்கென்று அவள் எழுதிய முதல் உருப்படி இது.

"அப்புறம் 'கிழவனுக்கு மூச்சு வாங்குது'ன்னு பக்கத்து லகாட் ஊரு ரூபன் எல்லார்கிட்டயும் சொல்லித் திரிவான். அவனும் நாயனக்காரன்தானே, என் எடத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கான். நான் நிறுத்தாமத்தான் ஊதுவேன்."

"சரிண்ணே, உங்க இஷ்டம்."

அன்று சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. மேடையோரம் கவிநயா நின்றிருந்தாள். கார்த்திகேசு கண்ணை மூடிக்கொண்டு அமர்க்களமாகத் தொடங்கினார். கண்ணைத் திறந்ததுதான் தப்பு. முன்வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மாள், உப்பில் ஊறிய ஜெருக் மாங்காயை எடுத்து, அவரைப் பார்த்தபடியே நறுக்கென்று கடித்துச் சப்புக்கொட்டினாள்.

வாயில் எச்சில் ஊறிவிட்டால் எந்தக் கொம்பனாலும் நாயனம் ஊத முடியாது. சத்தம் நின்றே போனது. விழுங்கிவிட்டு அவசரமாக மறுபடி பிடித்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கடி. மறுபடியும் நின்றது. பாவி, அவள் கடைசிவரை அடங்கவே இல்லை.

முடிந்ததும் சபை எழுந்து நின்று கைதட்டியது. அவர் காதில் அது ஏறவில்லை. மானம் போன வேதனையில் கவிநயாவைத் தேடிப் போனார்.

"மன்னிச்சுக்கம்மா, உன் பாட்டைக் கெடுத்துட்டேன். எல்லாம் அந்த ரூபன் பய அனுப்புன மாங்காக்காரப் பொம்பளயாலதான்!" கண் கலங்கிவிட்டது.

"விடுங்கண்ணே. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்று கையைப் பிடித்துக்கொண்டாள் அவள்.

என்ன தங்கமான பொண்ணு! கார்த்திகேசுவுக்கு மனசு ஆறவில்லை. நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கார்கள் நிற்கும் இடத்தில் பச்சைச் சேலை தெரிந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட விறுவிறுவென்று நெருங்கினார்.

அந்த அம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காருக்குள் இருந்த கவிநயாவிடம் புலம்பிக்கொண்டிருந்தாள்:

"அடுத்த வாரம் தைப்பிங்லயும் நீ தலையாட்டுறப்பல்லாம் நான் கடிக்கணுமா? இப்பவே பல்லு கூசுது லா, மகளே!"